அந்த வெள்ளைப் பெட்டி

காலேஜ் சிம்போசியத்துக்கு போஸ்டர் டிசைன் பண்ணியிருக்கீங்களா? அப்படின்னா இந்தக் கொடுமை உங்களுக்கும் நடந்திருக்கும். நெட்டில் தேடி, பின்னாடி சாம்பலும் வெள்ளையுமா குட்டிக் குட்டிக் கட்டம் போட்ட ஒரு படத்தைப் பார்த்து, ‘ஆஹா, பின்னணி இல்லாத படம்!’னு துள்ளிக் குதிச்சு டவுன்லோடு பண்ணி, போஸ்டர்ல ஒட்டினா... கட்டமும் சேர்ந்து வந்து சம்மணம் போட்டு உட்காரும். ‘இங்கே ஒண்ணுமில்லை’னு காட்டறதுக்காகப் போட்ட கட்டத்தையே யாரோ படமா வரைஞ்சு வெச்சிருப்பாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு, விடிஞ்சா பிரின்ட்டிங்னு இருக்கும்போது இதைப் பார்த்து அழாத டிசைனர் எந்தக் கல்லூரியிலும் கிடையாது.

நானும் அழுதிருக்கேன். ஆனா, இந்தச் சமாசாரத்துக்காக இன்னொருத்தரையும் அழ வைப்பேன்னு நினைக்கலை.

நான் இ.சி.இ. மூன்றாம் வருஷம். லீவில் சும்மா இருக்க வேண்டாம்னு மேற்குத் தாம்பரம் முடிச்சூர் ரோட்டில் ஒரு வெப் டிசைன் ஆபீஸில் இன்டர்னாகச் சேர்ந்தேன். ஆபீஸ்னா கண்ணாடிக் கட்டடமெல்லாம் கற்பனை பண்ணாதீங்க. கீழே ஒரு செல்போன் கடை, மாடியில் நாலு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன், அந்த ஃபேனுக்கு நேர் கீழே யார் உட்கார்றதுனு தினமும் ஒரு பஞ்சாயத்து. ஊரப்பாக்கத்திலிருந்து எலெக்ட்ரிக் டிரெயினில் தாம்பரம் வந்து, ஸ்டேஷன் படிக்கட்டுக் கூட்டத்தில் நசுங்கி ஆபீஸ் போறதுக்குள்ளயே பாதி எனர்ஜி போயிடும். மீதி எனர்ஜியில் செய்த வேலைதான் இது.

முதல் வாரமே எனக்குன்னு தனியா ஒரு வேலை வந்துச்சு. ராஜகீழ்ப்பாக்கத்தில் வீட்டிலேயே வடாம், அப்பளம், ஊறுகாய் போட்டு விற்கிற ஒரு அம்மாவுக்கு வெப்சைட். அறுபது வயசைத் தாண்டினவங்க. அவங்களே பஸ் ஏறி ஆபீஸுக்கு வந்தாங்க. கையில், நியூஸ்பேப்பரில் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சார்ட் பேப்பர். “இதுதான் எங்க கடை பேரு. இதை அப்படியே கம்ப்யூட்டர்ல போடணும் கண்ணு. ஸ்கேன் பண்ணிட்டு கையோட குடுத்துடு”னாங்க.

பிரித்துப் பார்த்தேன். கறுப்பு மையில், பிரஷ்ஷால எழுதின தமிழ் எழுத்து. கடைப் பேர்னா அது அந்த அம்மாவோட பேர்தான். பேரை இங்கே சொல்ல மாட்டேன், அதில் ஒரு ‘ழ’ இருக்குங்கிறதை மட்டும் சொல்றேன். அந்த ‘ழ’வோட கால் இருக்கே... பிரஷ்ல மை தீர்ந்துபோற நேரத்தில் இழுத்திருக்கார். அதனால முடியற இடத்தில் கோடு கோடா, கீறல் கீறலா, மயில் தோகை மாதிரி பிரிஞ்சு நிக்குது. மேலேயும் கீழேயும் எழுத்து நேரா வர்றதுக்குப் போட்ட ரெண்டு பென்சில் கோடு.

எழுதினது அவங்க கணவர். போர்டு ஆர்ட்டிஸ்ட். ஃபிளெக்ஸ் பேனர் வந்து அந்தத் தொழிலைக் காலி பண்றதுக்கு முன்னாடி, முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம் பாதிக் கடைகளுக்கு அவர் கையெழுத்துதானாம். முடிச்சூரில் அவங்க கடை வெச்சிருந்தப்போ அவரே எழுதின தகர போர்டு ஒண்ணு இருந்திருக்கு. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூரே முழுகினது ஞாபகம் இருக்குமே? அந்தத் தண்ணியில் கடையும் போச்சு, போர்டும் போச்சு. புது போர்டுக்கு மாதிரியா இந்தச் சார்ட்டில் எழுதிப் பார்த்திருக்கார். அப்புறம் உடம்பு முடியாமப் போய், போர்டு எழுதாமலேயே இறந்துட்டார். வீடு மாறி வந்து, பரண்ல கிடந்த இந்தச் சார்ட் ஒண்ணுதான் மிச்சம்.

இதையெல்லாம் அவங்க சோகமா சொல்லலை. ‘வடாம் வெயில்ல நாலு நாள் காயணும்’னு சொல்ற அதே குரலில் சொன்னாங்க. நான்தான் அந்தச் சார்ட்டை ஸ்கேனரில் வைக்கும்போது கை நடுங்கினேன்.

ஸ்கேன் முடிஞ்சது. பின்னணியை நீக்கினேன். செல்போனில் பார்ப்போம்னு மெசேஜ் ஆப் மூலமா எனக்கே போட்டோவா அனுப்பிக்கிட்டேன். பிறகு அந்தக் காப்பியையே எடுத்து வெப்சைட்டில் போட்டேன். மஞ்சள் பின்னணி, நடுவுல பளிச்சுனு ஒரு வெள்ளைப் பெட்டி, அதுக்குள்ள பேர்! சுவரில் பிளாஸ்திரி ஒட்டின மாதிரி. தப்பு என்னோடதுதான். போட்டோவா அனுப்பினா அது ஜேபெக் ஆகிடும். ஜேபெக்கில் ‘ஒளி ஊடுருவும் இடம்’னு ஒண்ணு கிடையவே கிடையாது. இல்லாத இடத்தையும் ஏதாவது ஒரு நிறத்தால் அடைச்சே ஆகணும். டாகுமென்ட்டா அனுப்பியிருந்தா பிழைச்சிருக்கும். (உங்க சிம்போசியம் லோகோவை இனிமே அப்படித்தான் அனுப்புங்க, புண்ணியமாப் போகும்.)

பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டிருந்த சீனியர் அண்ணா சிரிச்சார். நாற்பதைத் தாண்டினவர். “வெள்ளைப் பெட்டிக்கே இப்படி முழிக்கிறியே, நாங்க சாம்பல் பெட்டியோட வாழ்ந்தவங்கம்மா”னார். அப்புறம் டீ வந்தது. கூடவே ஒரு சரித்திரமும் வந்தது.

படத்தின் ஒரு பகுதியைக் கண்ணாடி மாதிரி ஆக்கறது வெப்பில் முதல்ல ஜிஃப் மூலமாத்தான் வந்துச்சு. கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987-ல் கொண்டுவந்த ஃபார்மட். 1989-ல் வந்த அதன் அடுத்த பதிப்பில், ‘இந்த ஒரு நிறம் மட்டும் தெரிய வேணாம்’னு சொல்ற வசதி வந்தது. ஆனா, அது கதவு மாதிரி. திறந்திருக்கும், இல்லை மூடியிருக்கும். பாதி திறந்து வைக்கற வேலையே கிடையாது. போதாக்குறைக்கு, ஜிஃப்புக்குள்ள இருக்கற சுருக்கும் முறைக்குக் காப்புரிமை தன்கிட்ட இருக்குன்னு யூனிசிஸ் நிறுவனம் 1994 கடைசியில் கிளம்ப, கடுப்பான புரோகிராமர்கள் 1995 ஜனவரியில் சேர்ந்து உருவாக்க ஆரம்பிச்சதுதான் பி.என்.ஜி. ‘பிங்’னு உச்சரிக்கணுமாம், நம்மில் யார் கேட்கப்போறாங்க! 1996 அக்டோபரில் டபிள்யூ 3 சி அதை அங்கீகரிச்சது.

பி.என்.ஜி.யின் அழகு என்னன்னா, ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் போக நாலாவதா ஒரு எண். பேர் ஆல்ஃபா. 0 என்றால் சுத்தமாத் தெரியாது, 255 என்றால் முழுசாத் தெரியும், நடுவில் எல்லாப் படியும் உண்டு. இந்த ஆல்ஃபா யோசனையே 1970-களின் கடைசியில் நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சது. பின்னாடி பிக்ஸாரை ஆரம்பிச்சவங்களில் அவங்களும் உண்டு. அப்போ நீங்க பார்த்து ரசிச்ச ‘டாய் ஸ்டோரி’க்கும் வடாம் கடை லோகோவுக்கும் ஒரே தாத்தா!

எல்லாம் ரெடி. ஆனா, சாமி வரம் கொடுத்தும் பூசாரி விடலை. 2001 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 வந்தது. அதே வருஷம் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யோட சேர்ந்தே வந்ததால், நம்ம ஊர் பிரவுசிங் சென்டர், ஆபீஸ் எல்லாத்திலும் அதுதான். அதில் ஆல்ஃபா உள்ள பி.என்.ஜி. படத்தைப் போட்டா, கண்ணாடியா இருக்கவேண்டிய இடம் சாம்பல் பெட்டியா நிக்கும். வேடிக்கை என்னன்னா, அதே கம்பெனி 2000-ல் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்குக் கொடுத்த எக்ஸ்புளோரர் 5-ல் இது ஒழுங்கா வேலை செஞ்சது! ஒரே வீட்டில் ரெண்டு பிள்ளைங்க, ஒண்ணு படிக்கும், ஒண்ணு படிக்காதுங்கற கதை.

“அப்போ என்னண்ணா பண்ணீங்க?”

“என்ன பண்றது? ஆல்ஃபா இமேஜ் லோடர்னு ஒரு ஃபில்டர் இருந்தது. படத்தை அது வழியா லோடு பண்ணினா ஒழுங்காத் தெரியும். ஆனா, பின்னணியில் திரும்பத் திரும்ப வர்ற படத்துக்கு ஆகாது. சில சமயம் அது மேல இருக்கற லிங்க்கை அமுக்கினா வேலை செய்யாது. இதுக்கு நடுவுல ஒரே ஒரு புள்ளி அகலத்தில் ஒண்ணுமே இல்லாத ஒரு ஜிஃப் படம் வெச்சுக்கிட்டு, அதை முன்னாடி நிறுத்திட்டு, நிஜப் படத்தைப் பின்னாடியிருந்து காட்டுவோம். பொம்மலாட்டம்தான். ஃபயர்பாக்ஸில் பார்த்தா ஒரு மாதிரி, இதில் பார்த்தா ஒரு மாதிரி. கிளையன்ட் எதில் பார்க்கறார்னு முதல்ல ஜாதகம் கேட்டுத்தான் வேலையே ஆரம்பிப்போம்.”

எக்ஸ்புளோரர் 7 இதைச் சரிபண்ணினது 2006 அக்டோபரில். நான் அப்போ கைக்குழந்தை. ஆனாலும் பழைய 6-ஐ யாரும் லேசில் விடலை. 2011-ல் மைக்ரோசாஃப்டே ‘தயவுசெஞ்சு அதை விட்டுடுங்க’னு ஒரு பிரசாரம் நடத்த வேண்டி வந்துச்சுன்னா பார்த்துக்கோங்க. 2022 ஜூனில் எக்ஸ்புளோரர் 11-க்கும் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் மூடுவிழா நடத்தினாங்க.

அண்ணா சொன்னதில் எனக்குப் புதுசா இருந்தது இன்னொரு விஷயம். அந்தக் காலத்தில் தமிழ் வெப்சைட்னா தலைப்பையெல்லாம் படமாத்தான் போடுவாங்களாம். எல்லா கம்ப்யூட்டரிலும் தமிழ் எழுத்து தெரியாதே! ஒவ்வொருத்தர் ஒவ்வொரு ஃபான்ட், ஒவ்வொரு குறியீட்டு முறை. இதை ஒழுங்குபடுத்தத்தான் 1999-ல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடத்தி டாம், டாப்னு தரம் வகுத்தாங்க. தலைப்பை ஜிஃப் படமாப் போட்டா, நம்ம எழுத்தோட வளைவுகளில் எல்லாம் ஓரம் படிக்கட்டு மாதிரி உடையும். ஆங்கிலத்தில் ‘ஐ’, ‘எல்’ எல்லாம் நேர்க்கோடு, தப்பிச்சுக்கும். நமக்கு ‘ண’, ‘ழ’, ‘ஞ’... சுழி இல்லாம எழுத்து ஏது? சுழி இருந்தா பாதித் தெரியற புள்ளி வேணும். பாதிக் கதவு திறக்காத ஊரில் தமிழ் படாதபாடு பட்டிருக்கு!

சரி, நம்ம ‘ழ’வுக்கு வருவோம்.

டாகுமென்ட்டா அனுப்பி, வெள்ளைப் பெட்டியைத் தூக்கினாலும் எனக்குத் திருப்தியில்லை. நான் பின்னணியை நீக்கினது மேஜிக் வாண்ட் வெச்சு. அது வெள்ளையைத் தேடித் தேடி வெட்டும். பிரஷ் கீறல்கள் இருந்த இடத்தில் பாதிக்கு மேல் வெட்டிட்டு, மிச்சத்தில் வெளுத்த ஓரம் விட்டிருந்தது. மயில் தோகை போய், மொட்டை வால்! அண்ணா பார்த்துட்டு, “கத்தரிக்காதே, கணக்குப் போடு”னார்.

கணக்கு இதுதான், ப்ளஸ் டூ கூட வேண்டாம். வெள்ளைப் பேப்பரோட அளவு 255, கறுப்பு மையோட அளவு 0. ஒரு புள்ளி 191-னு சாம்பலா இருக்குன்னா என்ன அர்த்தம்? அது சாம்பல் மை இல்லை. கால் பங்கு மையும் முக்கால் பங்கு பேப்பரும் கலந்து தெரியுது. அப்போ அந்தப் புள்ளியின் நிறத்தைச் சுத்தக் கறுப்புன்னு எழுதிட்டு, ஆல்ஃபாவை 255-லிருந்து 191-ஐக் கழிச்சு 64-னு வெச்சா போதும். பேப்பர் தானா விலகிடும், மை மட்டும் நிக்கும். மஞ்சள் மேல வெச்சா மஞ்சள் லேசா இருண்டு தெரியும், பச்சை மேல வெச்சா பச்சை. நான் வெட்டினப்போ 191 சாம்பல் முழுப் புள்ளியா நின்னதால்தான் வெளுத்த ஓரம் வந்திருக்கு. மை எவ்வளவு, பேப்பர் எவ்வளவுன்னு பிரிக்கத் தெரியாம ரெண்டையும் சேர்த்துத் தூக்கிட்டு வந்திருக்கேன்.

சார்ட் பேப்பர் சுத்த வெள்ளையா இல்லை, பழுத்திருந்தது. அதையும் 255-க்கு இழுத்துச் சரிபண்ணினேன். அந்த இழுப்பிலேயே பென்சில் கோடு ரெண்டும் மறைஞ்சுடுச்சு. ஒரே கல்லில் ரெண்டு மாங்காய்னு காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டேன். சுடிதாரில் காலர் ஏதுன்னு கேட்காதீங்க.

திரையில் ‘ழ’ வந்து நின்னது பாருங்க... கீறல் கீறலா, ஒவ்வொரு பிரஷ் முடியும் தனித்தனியா. ஃபேன் பஞ்சாயத்தை நிறுத்திட்டு எல்லாரும் எழுந்து வந்து பார்த்தாங்க.

அடுத்த பல்பு, பில்லில். ஆர்டர் வந்தா ஒரு பில் தயாராகி வாடிக்கையாளருக்குப் போகணும், அதன் உச்சியில் லோகோ. படம் பெரிசா இருந்தா பிரவுசரிலேயே கேன்வாஸில் வரைஞ்சு, சுருக்கி, ஜேபெக்கா அனுப்பற மாதிரி கோடு எழுதினேன். முதல் டெஸ்ட் பில்லைத் திறந்தா, அரை கிலோ வடாமுக்கு மேல ஒரு கறுப்பு செவ்வகம். பேரையே காணோம், அப்பளம் கருகின மாதிரி கட்டியா ஒரு கறுப்பு! இந்தத் தடவை வெள்ளை இல்லாம ஏன் கறுப்பு? தேடிப் படிச்சேன். கேன்வாஸை ஜேபெக் ஆக்கும்போது, ஊடுருவற இடத்தையெல்லாம் முழுக் கறுப்பு மேல வெச்சுத்தான் தட்டையாக்கணும்னு ஹெச்.டி.எம்.எல். விதியே சொல்லுது. கறுப்பு மேல கறுப்பு எழுத்து, எங்கேருந்து தெரியும்? கேன்வாஸில் முதல்ல வெள்ளை பூசிட்டு அப்புறம் படத்தை வைக்கணும். ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு ஒண்ணரை நாள் போச்சு.

பிறகு, எல்லா பிரவுசரிலும் ஒரே மாதிரி வருதான்னு பார்க்கிற படலம். படத்தோட எடையைக் குறைக்கணும்னு வெப்-பி ஃபார்மட்டில் மாத்தியிருந்தேன். அது கூகுள் 2010-ல் அறிவிச்சது, ஆல்ஃபாவும் உண்டு. ஆபீஸ் டிராயரில் இருந்த பழைய ஐபேடில் திறந்தா படமே வரலை. ஆப்பிளோட சஃபாரி 2020-ல் வந்த 14-ஆம் பதிப்பில்தான் வெப்-பி.யைச் சேர்த்துக்கிச்சு, டிராயரில் இருந்தது அதுக்கு மூத்தது. “வடாம் வாங்கறவங்க எல்லாரும் வருஷா வருஷம் போன் மாத்தறவங்க இல்லை”னார் அண்ணா. ‘பிக்சர்’னு ஒரு டேக் இருக்கு. ‘வெப்-பி தெரிஞ்சா இதை எடுத்துக்கோ, தெரியலைன்னா பி.என்.ஜி. எடுத்துக்கோ’னு பிரவுசருக்கே பந்தி பரிமாறிடலாம். அதைப் போட்டேன், ஐபேடிலும் பேர் வந்துச்சு.

குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி, எட்ஜ் முடிஞ்சு அஞ்சாவதா ‘உலா’. தெரியுமில்லையா, நம்ம கூடுவாஞ்சேரிப் பக்கம் தலைமையகம் வெச்சிருக்கிற ஸோஹோ 2023-ல் வெளியிட்ட பிரவுசர். மத்திய அரசு நடத்தின இந்திய பிரவுசர் போட்டியில் 2025-ல் முதல் பரிசு வாங்கினது. என் ஊரப்பாக்கத்துக்கு அடுத்த ஊர்லேருந்து ஒரு பிரவுசர்னா சும்மா விடுவேனா, அதிலும் திறந்து பார்த்தேன். உள்ளே ஓடற எஞ்சின் குரோமோட அதே குரோமியம்தான், அதனால படமும் அச்சு அசல் அப்படியே வந்துச்சு. எட்ஜும் 2020-லிருந்து அதேதான். ஆக, பேர் ஆயிரம் இருந்தாலும் இன்னிக்கு முக்கியமா எஞ்சின் மூணுதான்: பிளிங்க், வெப்கிட், கெக்கோ. அண்ணாவோட காலம் மாதிரி ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை. (குரோம்னதும் ஒண்ணு. குரோம்பேட்டைக்கும் பிரவுசருக்கும் சம்பந்தமில்லை. அங்கே இருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்த பேர். டிரெயினில் பக்கத்து சீட்டு ஸ்கூல் பையன் இதுக்காக அவன் ஃப்ரெண்டோட பெட் கட்டிக்கிட்டிருந்தான்!)

அஞ்சு பிரவுசர், அஞ்சிலும் பாஸ். ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் பார்த்து சைட்டை ஏத்தினோம். அந்த அம்மா ஆபீஸுக்கு ஒரு பை நிறைய வெங்காய வடாம் கொடுத்தனுப்பினாங்க.

சனிக்கிழமை காலையில் போன்.

“கண்ணு... அவர் எழுதினதைக் காணோமே.”

“இருக்கும்மா, மேலே பாருங்க, நடுவுல.”

“எல்லாம் இருக்கு. வடாம் இருக்கு, விலை இருக்கு. பேர் இருந்த இடம் இருட்டா இருக்கு. வேணாம்னு எடுத்துட்டீங்களா?”

அடுத்து ஒரு நிமிஷம் அவங்க பேசலை. மூக்கை உறிஞ்சற சத்தம் மட்டும் கேட்டது. தண்ணியில் போர்டு போனதைச் சொல்லும்போது அசையாத குரல் அது.

என்ன ஆச்சுன்னு எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு, அதுதான் இன்னும் கொடுமை. அவங்க பையன் புது போன் வாங்கிக் கொடுத்து, கண்ணுக்கு நல்லதுன்னு டார்க் மோடு போட்டுக் கொடுத்திருக்கார். போன் இருட்டில் இருந்தா வெப்சைட்டும் இருட்டா மாற வழி செய்யற வசதி 2019-ல் பெரிய பிரவுசர்களுக்கெல்லாம் வந்தாச்சு. நானும் ஆசை ஆசையா, மஞ்சள் பின்னணி கரும்பழுப்பா மாறும்படி எழுதியிருந்தேன். எழுத்துகள் வெள்ளையா மாறும்படியும் எழுதினேன். லோகோ எழுத்து இல்லையே, படமாச்சே! கறுப்பு மையை வெச்சுக்கிட்டு, இருட்டில் போய் நின்னுக்கிச்சு. பேப்பரை அவ்வளவு சுத்தமாப் பிரிச்சு எடுத்திருந்தேன், கைகொடுக்க ஒரு துளி வெள்ளை கூட மிச்சமில்லை. அஞ்சு பிரவுசரில் பார்த்த நான், அஞ்சையும் பட்டப்பகல் மாதிரி லைட் மோடில் மட்டும்தான் பார்த்திருக்கேன்.

சனிக்கிழமை லீவு. இருந்தாலும் டிரெயின் ஏறினேன்.

சரிபண்றது கஷ்டமில்லை. இப்போ படத்தை ‘மாஸ்க்’கா வைக்கலாம். படத்திலிருந்து நிறத்தை எடுத்துக்காம, ஆல்ஃபாவை மட்டும் எடுத்துக்கிட்டு, அதன் வழியே எந்த நிறத்தையும் ஊத்தலாம். கோலம் போடற சல்லடை அச்சு மாதிரி. ஓட்டை ஒண்ணுதான், பொடி எந்தக் கலர் வேணும்னாலும் போட்டுக்கலாம். பகலில் கறுப்பு, இருட்டில் வெள்ளை. ஒரு மணி நேரத்தில் முடிச்சேன். கரும்பழுப்பு மேல வெள்ளை எழுத்து, ‘ழ’வோட தோகை ஒவ்வொரு முடியா ஜொலிக்குது. இருக்கிறதிலேயே அதுதான் அழகுன்னு இப்பவும் சொல்வேன்.

நேராவே காட்டிடுவோம்னு ராஜகீழ்ப்பாக்கம் போனேன். மொட்டை மாடியில் வடாம் காஞ்சுக்கிட்டிருந்தது. போனை வாங்கி, வெயில் படாம முந்தானையால் மறைச்சுப் பார்த்தாங்க. ரொம்ப நேரம்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா, இது அவர் எழுதினது இல்லையே கண்ணு.”

“அதேதாம்மா. நிறம் மட்டும்தான் மாத்தியிருக்கேன்.”

“அவர் வெள்ளையில எழுதவே மாட்டார். பேருன்னா கறுப்பு மைதான்னுவார்.” கொஞ்சம் யோசிச்சாங்க. “அந்தப் பேப்பரோடவே போட முடியாதா?”

மூணு வாரம், மக்களே! வெள்ளைப் பெட்டியைத் தூக்கறதுக்கு மூணு வாரம், ஒண்ணரை நாள் கேன்வாஸ், சனிக்கிழமைத் தூக்கம்... எல்லாம் கண் முன்னாடி ஓடுச்சு. டார்க் மோடில் வெள்ளைப் பெட்டி கண்ணில் அடிக்கும், டிசைன் கெட்டுடும், பிளாஸ்திரி மாதிரி இருக்கும்னு விளக்கலாம்னு வாயைத் திறந்தேன். மூடிட்டேன். ஜெயிக்க முடியாதுங்கறதால இல்லை. அவங்க சொன்னதில் தப்பே இல்லைங்கறதால. எழுத்து மட்டும்தான் அவர் எழுதினதுன்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லலை.

சார்ட்டை மறுபடி வாங்கிட்டு வந்தேன். திங்கட்கிழமை திரும்ப ஸ்கேன். இந்தத் தடவை எதையும் 255-க்கு இழுக்கலை. பழுத்த பேப்பர் பழுத்தபடி, மடிப்பு மடிப்பாவே, நான் அழிச்சு சந்தோஷப்பட்ட ரெண்டு பென்சில் கோடும் திரும்ப வந்துச்சு. பழுப்பா இருக்கிறதால இருட்டில் அவ்வளவாக் கண்ணிலும் அடிக்கலை. பகலில் பார்க்கிறவங்களுக்குப் பேப்பர் இல்லாத பேர், டார்க் மோடில் பார்க்கிறவங்களுக்குப் பேப்பரோட பேர்னு ஒரு ஏற்பாடு.

அண்ணா எட்டிப் பார்த்தார். “இதைத்தானேம்மா முதல் நாளே போட்டிருந்தே?”

“அது வெள்ளைண்ணா. இது பேப்பர்.”

அம்மாவுக்கு அனுப்பினேன், டாகுமென்ட்டாவே. சாயங்காலம் போன் பண்ணாங்க. பேர் தெரியுதாம். பையன் டார்க் மோடை மாத்தித் தர்றேன்னு சொன்னதுக்கு, ‘வேணாம், இப்படியே இருக்கட்டும்’னுட்டாங்களாம். மேல் பென்சில் கோடு வலது பக்கம் லேசா ஏறிப்போகுது, நீ கவனிச்சியான்னு கேட்டாங்க. ஸ்கேல் இல்லாம, வடாம் பிழியற பலகையை வெச்சுப் போட்ட கோடாம் அது.